ஓரடி கம்மி

இரவுப் பணி முடிந்து
எட்டரை பஸ்ஸில் கோரிமேட்டில் இறங்குகிறேன்.
ஒன்பதரைக்குக் கண்ணை மூடினால்
ஒன்றரைக்கெல்லாம் வெயில் வந்து கதவைத் தட்டும்,
மூன்று மாத வாடகை பாக்கி போல.

மேற்குப் பார்த்த ஒற்றை அறை. முன்னால் மொட்டை மாடி.
வடக்கே எட்டினால் சேர்வராயன் மலை.
இருபது கொண்டை ஊசி தாண்டினால் அங்கே போர்வை,
இங்கே ஈரத் துண்டு.
என் வெயில் மேற்கே இறங்குகிறது,
மலை வடக்கே நின்று வேடிக்கை பார்க்கிறது.
நிழலைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

தகரம் போடேன் என்றாள் உடன் வேலை பார்க்கும் ஜெசிந்தா.
மழைக்குக் கத்தும், வெயிலுக்கு முனகும் தகரம்.
வார்டில் கேட்கிற முனகல் போதும் எனக்கு.
பச்சை வலை கட்டியும் பார்த்தாயிற்று;
ஆடிக்காற்று அதைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்
அங்கேயே குடிவைத்துவிட்டது.

அரியர்ஸ் வந்த வாரம் செவ்வாய்ப்பேட்டை போனேன்.
கடைக்காரர் நூருல்லா
துணி மாதிரிகளைச் சீட்டுக்கட்டாய் விரித்தார்.
"மஞ்சள் எடுங்க, பளிச்சுனு இருக்கும்."
மஞ்சளுக்குக் கீழே உட்கார்ந்தால்
வருகிறவர் இமையையெல்லாம் விலக்கிப் பார்ப்பேன்,
காமாலையா என்று.
"அப்போ பச்சை?"
ஆபரேஷன் தியேட்டர்.
"நீலம் நல்லாப் போகுதுங்க."
மூச்சுத் திணறி வந்தவரின் உதடு
அந்த நிறத்தில்தான் இருந்தது, புதன்கிழமை.
வெள்ளையை அவரே எடுத்து அடியில் வைத்துவிட்டார்.

மூலையில் ஒரு சுருள் சாய்ந்திருந்தது,
செங்கல் நிறம், இடையிடையே மணல் கோடு.
ஏற்காட்டில் ஏதோ விடுதிக்கு வெட்டியதாம்.
"பனியில எதுக்கு நிழல்னு அவங்களே வேணாம்னுட்டாங்க."
எனக்குப் பத்தடி வேண்டும். ஒன்பதுதான் இருந்தது.
மூவாயிரம் குறைத்தார்.
ஓரடி வெயிலுக்கு என்ன விலை என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் தாண்டவனிடம்
சுவரைத் துளைக்க அனுமதி வாங்கியது தனிக்கதை.
"காலி பண்றப்ப பட்டி வச்சு அடைச்சுக் குடுத்துரணும்."
எட்டு ஓட்டைக்கும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை பொன்னுரங்கம் வந்தார்,
தோளில் இரும்புக் கை இரண்டு.
முதல் ஓட்டையில் செம்மண்ணாய்க் கொட்டியது செங்கல்.
பிறகு துரப்பணத்தைக் கீழே வைத்துவிட்டு
விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி
காதை வைத்துக் கேட்டார், பீம் எங்கே ஓடுகிறதென்று.
நரம்பு அகப்படாத கையை
நானும் இப்படித்தான் தட்டுவேன், நடுச்சாமத்தில்.
"இங்க இருக்கு" என்றார்.
இருவருக்கும் மூச்சு வந்தது.

"எவ்வளவு சாய்க்கட்டுங்க?
நல்லாச் சாய்ச்சாலும் நாலு மணி வெயில் குனிஞ்சு வந்துரும்.
கட்டில் வரைக்கும் வரும், காலைத் தொடும்."
தொடட்டும். நாலுக்கு எழுந்தால்தான்
சோறாக்கிச் சாப்பிட்டு ஏழு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

இப்போது மத்தியானம்
அறைக்குள் செங்கல் சூளை அணைந்த மறுநாள் மாதிரி
ஒரு சிவந்த மங்கல்.
யார் முகத்திலும் நோய் தெரியாத நிறம்.
துணி எட்டாத அந்த ஓரடியில் கொடி கட்டியிருக்கிறேன்.
என் வெள்ளைச் சீருடை அங்கே
மொத்த வெயிலையும் வாங்கிக்கொண்டு காய்கிறது,
கைப்பிடித்து அழைத்துவந்த யாரோ போல.

நேற்று வெயில் காலைத் தொட்டு எழுந்து வெளியே வந்தால்
நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
மடித்த செய்தித்தாள், மேலே மூக்குக்கண்ணாடி.
ஆளைக் காணோம்.

வேலைக்கு இறங்கும்போது கண்ணாடியை நீட்டினேன்.
வாங்கித் துடைத்துக்கொண்டே கேட்டார் தாண்டவன்:
"நிழலுக்குத் தனியா வாடகை போட்டுரலாமா?"

"ஓரடி கம்மிங்க" என்றேன்.